இடைக்கால ஐரோப்பியச் சமையலும் வீட்டுப் பானங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறுநூறு, எழுநூறு வருடங்களுக்கு முந்தைய சமையல் குறிப்புகளைத் தேடிப் படித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றைச் செய்து பார்ப்பது சில வருடங்களாக என் பொழுதுபோக்கு. சாப்பிட வரும் நண்பர்களும் உறவினர்களும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

இடைக்காலம் என்றால் எந்தக் காலம்?

ஐரோப்பிய வரலாற்றில் ஏறக்குறைய 500 முதல் 1500 வரை இடைக்காலம் என்பார்கள். சமையலைப் பொறுத்தவரை நமக்குக் கைகொடுப்பது அதன் கடைசி முந்நூறு வருடங்கள்தான், ஏனென்றால் குறிப்புகள் எழுதப்பட்ட காலம் அதுதான். இங்கிலாந்தில் இரண்டாம் ரிச்சர்ட் மன்னரின் சமையல்காரர்கள் 1390 வாக்கில் தொகுத்தது 'ஃபோர்ம் ஆஃப் க்யூரி'. அதில் சுமார் 200 குறிப்புகள் இருக்கின்றன. பாரிஸில் 1393 வாக்கில், வயதான ஒரு கணவர் தன் இளம் மனைவிக்காக எழுதியது 'லெ மெனாஜியே த பாரி'. அரபு உலகம் இதில் இன்னும் மூத்தது. பாக்தாதில் 1226இல் எழுதப்பட்ட ஒரு சமையல் நூல் இருக்கிறது, 13ஆம் நூற்றாண்டு ஸ்பெயினின் முஸ்லிம் பகுதியில் எழுதப்பட்ட, ஆசிரியர் பெயர் தெரியாத ஒரு நூலும் இருக்கிறது. பானங்களுக்கு நான் அதிகம் போவது இந்தக் கடைசி நூலுக்குத்தான்.

'க்யூரி' என்றால் நம் கறியா?

இல்லை. கேட்பதற்கு ஒன்றாக இருந்தாலும் இரண்டுக்கும் தொடர்பில்லை. பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன 'க்யூரி'க்குச் சமையல் என்றுதான் பொருள். 'சமையல் முறை' என்பதே நூலின் தலைப்பு. அந்தத் தலைப்பும் 1780இல் அதை அச்சிட்ட சாமுவேல் பெக் கொடுத்தது. கறி என்ற நம் சொல் ஆங்கிலத்துக்குப் போனது ரிச்சர்ட் மன்னரின் காலத்துக்கு மிகவும் பிந்தி.

இஞ்சியின் கதை வேறு. ஆங்கிலத்தில் அதற்குள்ள பெயர் லத்தீன், கிரேக்கம் வழியாகப் பின்னோக்கிப் போய் 'இஞ்சிவேர்' என்ற தென்னிந்தியச் சொல்லில் முடிகிறது என்பது மொழி அறிஞர்கள் பரவலாக ஏற்றுக்கொண்டது. மிளகுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் வடமொழி 'பிப்பலி'யிலிருந்து வந்தது. பிப்பலி நம் திப்பிலி.

வேண்டிய சாமான்களை எங்கே வாங்குவது?

நாட்டு மருந்துக் கடையில். ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இதே பொழுதுபோக்கு உள்ளவர்கள் திப்பிலிக்கும் வால்மிளகுக்கும் சித்தரத்தைக்கும் தனிக் கடைகளில் சொல்லி வைத்துத் தபாலில் வரவழைக்கிறார்கள். இடைக்காலம் முடிந்தபின் அவர்களுடைய சமையலறையிலிருந்து இவை ஒவ்வொன்றாக மறைந்துவிட்டன. நமக்கு இவை தெரு முனையில் கிடைக்கின்றன.

முதல் தடவை நான் போனபோது ஒரு சீட்டில் எழுதிக் கொண்டுபோனேன்: திப்பிலி 25 கிராம், வால்மிளகு 25, சித்தரத்தை 50, சுக்கு, ஜாதிபத்திரி, அதிமதுரம். கடைக்காரப் பெரியவர் சீட்டை ஒருமுறை படித்துவிட்டு, "ஏம்மா, வீட்டுல யாருக்கு இருமல்?" என்று கேட்டார். சமைக்க என்றேன். நம்பவில்லை. ஒவ்வொன்றையும் காகிதத்தில் மடித்துத் தரும்போது, "திப்பிலியை வறுத்துப் பொடி பண்ணு, தேன்ல குழைச்சுக் குடு" என்றார். வீட்டுக்கு வந்து பாரிஸ் நூலின் மசாலா மதுக் குறிப்பை எடுத்துப் பார்த்தால், பட்டை, சுக்கு, ஜாதிக்காய், சித்தரத்தை என்று இருந்தது, அவர் மடித்துத் தந்த சுக்கும் சித்தரத்தையும் அதில் இருந்தன.

நான் இந்தச் சமையலை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு அன்று நடந்ததுதான் காரணம். அவர்களுக்குச் சமையலறையும் மருந்துப் பெட்டியும் ஒன்று. ரிச்சர்ட் மன்னரின் சமையல் நூல், அரசவை மருத்துவர்களின் ஒப்புதலோடு தொகுக்கப்பட்டது என்று சொல்லித்தான் தொடங்குகிறது. மீன் குளிர்ச்சி, அதற்குச் சூடான சாறு வேண்டும். மாட்டிறைச்சிக்கு இது ஆகும், அது ஆகாது என்று கணக்குப் போட்டுத்தான் சமைத்தார்கள். நாம் வாதம், பித்தம், கபம் என்று மூன்று சொன்னால், அவர்கள் ரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்று நான்கு சொன்னார்கள். சளி பிடித்தால் மிளகு ரசம் வைக்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புரிய ஒரு நிமிடம் கூட ஆகாது. இன்றைய லண்டன்காரரைவிட நாம் இந்தச் சமையலுக்குக் கிட்டத்தில் இருக்கிறோம் என்பது என் உறுதியான கருத்து.

வாங்கும்போது சில விஷயங்களைக் கவனியுங்கள். பட்டை என்று கடையில் தருவது பெரும்பாலும் தடித்த காசியா. இந்தக் குறிப்புகளுக்கு மெல்லிய அடுக்கடுக்கான இலங்கைச் சுருள் பட்டை நன்றாக இருக்கும். இலங்கைத் தமிழர்கள் கறுவா என்பது இதைத்தான். உணவுக்குச் சிவப்பு நிறம் தர ஆங்கிலேயச் சமையல்காரர்கள் செஞ்சந்தனம் போட்டார்கள். ஆந்திரக் கடப்பா, திருப்பதி மலைகளில் வளரும் அதே மரம்தான். கடையில் முகத்துக்குப் பூச விற்கும் செஞ்சந்தனப் பொடியைச் சமையலில் போடாதீர்கள், அதில் என்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. நம் கடைகளில் கிடைக்காதது ஒன்றே ஒன்று, 'சொர்க்க விதை' என்று பெயர் பெற்ற மேற்கு ஆப்பிரிக்க மசாலா. அதற்குப் பதிலாக நான் மிளகும் ஏலக்காயும் சம அளவு இடித்துப் போடுகிறேன். அதுவும் ஏலக்காயின் குடும்பம்தான், பெரிய பிசகு வராது.

கெட்டுப்போன இறைச்சியின் நாற்றத்தை மறைக்கத்தான் மசாலா போட்டார்களாமே?

இதைச் சொல்லாதவர்கள் இல்லை. ஆனால் கொஞ்சம் யோசித்தால் நிற்காத கதை. மிளகு மலபாரில் கப்பலேறி, ஏடன், கெய்ரோ, அலெக்ஸாண்ட்ரியா, வெனிஸ் என்று கை மாறி மாறிப் போகும். இறைச்சியோ அதே ஊர்ச் சந்தையில் வெட்டியது. மிளகும் கிராம்பும் வாங்க வசதியுள்ளவர் நல்ல இறைச்சி வாங்க முடியாதவராகவா இருப்பார்? கெட்ட இறைச்சி விற்றவர்களை நகர நிர்வாகங்கள் தண்டித்ததற்கும் பதிவுகள் இருக்கின்றன. ருசிக்காகவும், உடம்புக்கு நல்லது என்பதற்காகவும், விருந்தில் தங்கள் வசதியைக் காட்டவும்தான் மசாலா போட்டார்கள்.

எதையெல்லாம் சேர்க்கக் கூடாது?

மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, மக்காச்சோளம், முந்திரி, வெனிலா, சாக்லேட். எல்லாமே 1492க்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து வந்தவை. மிளகாயும் தக்காளியும் அதற்கு முன் நம் சமையலிலும் கிடையாது. காரத்துக்கு மிளகும் திப்பிலியும் சுக்கும் போதும். புளிப்புக்கு அவர்கள் காய்த்திராட்சையைப் பிழிந்த சாறு சேர்த்தார்கள். தேனி, கம்பம் பக்கம் இருப்பவர்களுக்கு அது கிடைக்கும், மருந்தடித்த காயாக இருக்கும், நன்றாகக் கழுவுங்கள். மற்றவர்கள் எலுமிச்சைச் சாற்றில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்துகொள்ளலாம்.

குறிப்புகளில் அளவே இல்லையே, எப்படிச் சமைப்பது?

'எடு, வேகவை, இடி, போடு, பரிமாறு' என்றுதான் இருக்கும். படிப்பவர் ஏற்கெனவே சமையல்காரர் என்று நினைத்து எழுதியது. எத்தனை பேருக்கு, எவ்வளவு உப்பு, எத்தனை நிமிடம் என்று பெரும்பாலும் எதுவும் இருக்காது. நேரத்தைக் கூட, ஒரு ஜெபம் சொல்லி முடிக்கும் அளவு என்றுதான் சில இடங்களில் சொல்வார்கள்.

நம் பாட்டிமார் 'உப்பு கண்ணளவு, பதம் வந்ததும் இறக்கு' என்று சொல்லித்தான் நமக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தப் பழக்கம் இங்கே உதவும். ஒரே குறிப்பைக் குறைந்தது மூன்று தடவை செய்யுங்கள். முதல் தடவை குறிப்பில் இல்லாத எதையும் சேர்க்காதீர்கள், 'கொஞ்சம் சீரகம் போட்டால் நன்றாயிருக்குமே' என்று கை நீளும், அடக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் போட்ட அளவை நோட்டில் எழுதுங்கள். மூன்றாவது தடவை உங்கள் அளவு உங்களுக்கே கிடைத்துவிடும்.

முதலில் எதைச் செய்யலாம்?

15ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கையெழுத்துப் பிரதி ஒன்றில் உள்ள 'ஜிஞ்சர்பிரெட்'. இன்றைய கேக்கைப் போல அடுப்பில் சுடுவது இல்லை, தேனும் ரொட்டித் தூளும் சேர்த்துக் கிளறும் பண்டம். பெயரில் இஞ்சி இருந்தாலும் அந்தப் பிரதியின் செய்முறையில் இஞ்சி சொல்லப்படவில்லை. மிளகும் குங்குமப்பூவும் பட்டையும்தான்.

ரொட்டியை முதலில் தயார் செய்யுங்கள். நம் பேக்கரி மில்க் பிரெட் இனிப்பாக இருக்கும், அது வேண்டாம். இனிப்பில்லாத ரொட்டியை இரண்டு நாள் காயவிட்டுத் துருவிக்கொள்ளுங்கள். ஒரு கப் தேனுக்கு மூன்றிலிருந்து நான்கு கப் தூள் பிடிக்கும். அடி கனமான பாத்திரத்தில் தேனை ஊற்றிச் சிறு தீயில் வையுங்கள். சில நிமிடத்தில் தேன் இளகித் தண்ணீராகி, ஓரத்திலிருந்து வெள்ளை நுரை எழும்பும். அந்த நுரையைக் கரண்டியால் வழித்து எடுத்துவிடுங்கள், மூலத்திலும் அப்படித்தான் சொல்லியிருக்கிறது. ஒரு சிட்டிகை குங்குமப்பூவும் அரை டீஸ்பூன் மிளகுப் பொடியும் போடுங்கள். மிளகு சூடான தேனில் விழுந்ததும் எழும் வாசனை வீடு முழுக்கப் பரவும். இப்போது ரொட்டித் தூளைக் கைப்பிடி கைப்பிடியாகத் தூவிக் கிளறுங்கள். முதலில் கூழ் மாதிரி இருக்கும், பிறகு கரண்டி கனக்கும், கடைசியில் அல்வா போலப் பாத்திரத்தை விட்டுச் சுருண்டு வரும். அதுதான் பதம். தட்டில் கொட்டிச் சமப்படுத்தி, மேலே பட்டைப் பொடி தூவி, ஆறியதும் சதுரமாக வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டிலும் ஒரு கிராம்பைக் குத்தி வைப்பது அந்தக் காலத்து அலங்காரம். மூலத்தில் கிராம்போடு ஒரு செடியின் இலையையும் செருகச் சொல்கிறது, அது நச்சு இலை, விட்டுவிடுங்கள்.

தீபாவளிக்கு ஒரு தடவை இதைச் செய்து மற்றப் பலகாரங்களோடு வைத்தேன். என் சித்தி ஒரு துண்டு வாயில் போட்டுவிட்டு, "மருந்துக் கிளறலா?" என்று கேட்டார். தீபாவளி லேகியத்தைத்தான் அப்படிச் சொன்னார். அதைவிடச் சரியான விவரணையை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

சைவத்தில் உண்டா?

நிறைய. ஈஸ்டருக்கு முந்தைய நோன்பான தவக்காலத்தில் இறைச்சி, முட்டை, பால், வெண்ணெய் எல்லாமே விலக்கு. வாரத்தில் வெள்ளி உட்படச் சில நாட்கள் இறைச்சி கிடையாது. அந்த நாட்களில் பாலுக்குப் பதிலாகப் பாதாம் பால் கைகொடுத்தது. பாதாமை ஊறவைத்துத் தோலுரித்து அரைத்துத் துணியில் பிழிவது, தேங்காய்ப் பால் எடுக்கும் அதே வேலை. மீன் சேர்க்காத விரதச் சமையல் குறிப்புகளைத் தேடினால் பட்டாணி, கீரை, அரிசி, அத்திப்பழம் என்று வரிசையாகக் கிடைக்கும்.

'பிளாங்க் மாங்' என்ற வெள்ளைச் சோறு அந்தக் காலத்தில் பெயர் பெற்றது. அரிசியைப் பாதாம் பாலில் குழைய வேகவைத்து, வெந்த கோழியைப் பிய்த்துப் போட்டு, சர்க்கரையும் உப்பும் சேர்ப்பார்கள். நான் கோழி இல்லாமலும் செய்வதுண்டு, குழைந்த பாதாம் பொங்கல் போல இருக்கும். மேலே எண்ணெயில் பொரித்த பாதாமும், சிவப்பு வெள்ளைச் சர்க்கரை பூசிய சோம்பு விதையும் தூவச் சொல்கிறது ரிச்சர்டின் நூல். ஓட்டலில் சாப்பிட்டு முடித்ததும் பில்லோடு ஒரு கிண்ணத்தில் வைப்பார்களே, கலர் கலராக, ஏறக்குறைய அதுவேதான். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் சோற்றைவிட்டு அதை மட்டும் பொறுக்கித் தின்றார்கள்.

கார்டியல் என்றால் மதுவா?

இதயத்துக்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அந்தப் பெயர். நெஞ்சுக்குத் தெம்பு தரும் மருந்து என்பதுதான் முதல் பொருள். 13ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் போலோஞா நகரத்து மருத்துவர் தத்தேயோ அல்தெரொத்தி, மதுவை வாலை வடித்து, அதாவது காய்ச்சி ஆவியைக் குளிரவைத்து, எடுக்கும் முறையை எழுதினார். அப்படி வடித்தது மருந்தாகத் துளித்துளியாகக் கொடுக்கப்பட்டது. பழத்தையும் சர்க்கரையையும் சாராயத்தில் ஊறவைத்து விருந்துக்குப் பின் குடிக்கும் வகையெல்லாம் பெரும்பாலும் இடைக்காலத்துக்குப் பிறகு பெருகியவை. ஸ்ட்ராபெர்ரியை வோட்காவில் ஊறவைத்துவிட்டு 'இடைக்காலக் கார்டியல்' என்று சொல்வது எனக்கு உடன்பாடில்லை. ருசியாக இருக்கலாம், ஆனால் காலம் வேறு.

இன்னொன்று: வீட்டில் வாலை வடிக்கும் வேலையே வேண்டாம். தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். உயிருக்கும் ஆபத்து. நான் செய்வதெல்லாம் மது கலக்காத பானங்கள்தான், அதற்கு இடைக்காலத்திலேயே தாராளமாகக் குறிப்புகள் இருக்கின்றன.

மது இல்லாததில் எதிலிருந்து தொடங்குவது?

சிகஞ்சபீன். வினிகர் என்கிற காடிக்கும் தேனுக்கும் உள்ள பாரசீகச் சொற்கள் சேர்ந்த பெயர். யுனானி மருத்துவத்தில் இன்றும் புழக்கத்தில் உள்ளது. நான் முன்பு சொன்ன ஸ்பெயின் நூலில் அளவோடு இருக்கிறது: காடி ஒரு பங்கு, சர்க்கரை இரண்டு பங்கு, பாகாகும்வரை காய்ச்சு, அதில் ஒரு பங்குக்கு மூன்று பங்கு வெந்நீர் சேர்த்து வெறும் வயிற்றில் குடி, தாகம் தணியும்.

நான் ஒரு கப் காடிக்கு இரண்டு கப் சர்க்கரை போட்டு, எவர்சில்வர் பாத்திரத்தில் சிறு தீயில் இருபது நிமிடம் காய்ச்சுகிறேன். அலுமினியம், பித்தளை வேண்டாம், காடி அரித்துவிடும். காய்ச்சும்போது முகத்தைப் பாத்திரத்துக்கு மேல் கொண்டுபோகாதீர்கள், ஆவி கண்ணை எரிக்கும். இறக்கியதும் ஒரு கைப்பிடி புதினாவைப் போட்டு மூடிவைத்து, ஆறியபின் வடிகட்டுவேன். புதினா இன்றைய ஈரானிய வழக்கம். வெயில் காலத்தில் ஒரு பங்குக்கு ஏழெட்டுப் பங்கு குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் எலுமிச்சை ஜூஸைவிட எனக்குப் பிடிக்கும். ஃபிரிட்ஜில் மாதக்கணக்கில் கெடாது.

காடியைப் பார்த்து வாங்குங்கள். முதல் தடவை கைக்குக் கிடைத்த பாட்டிலை வாங்கிக் காய்ச்சினேன். தொண்டையைக் கீறியது, வாசனையே இல்லை. லேபிளைத் திருப்பிப் பார்த்தால் 'செயற்கை வினிகர்' என்று சின்ன எழுத்தில் இருந்தது. திராட்சை, ஆப்பிள், கரும்பு என்று ஏதாவது ஒன்றிலிருந்து புளிக்கவைத்து எடுத்த காடிதான் இதற்கு ஆகும்.

சிரப், சர்பத் இரண்டுமே குடிப்பதைக் குறிக்கும் ஒரே அரபு வேர்ச்சொல்லிலிருந்து கிளைத்தவை. நன்னாரி சர்பத்தை எலுமிச்சையோடு கலந்து குடிக்கும் நமக்கு, பாகைக் காய்ச்சி வைத்துத் தண்ணீர் விட்டுக் குடிக்கும் இந்த முறை புதிதே இல்லை.

மசாலா மதுவை மது இல்லாமல் செய்ய முடியுமா?

'இப்போக்ரஸ்' என்ற பானம் அது. பட்டை, சுக்கு, சித்தரத்தை, திப்பிலி, சடாமாஞ்சில் போன்றவற்றைப் பொடித்து, சர்க்கரையோடு மதுவில் ஊறவைத்து, துணிப்பையில் திரும்பத் திரும்ப வடிகட்டுவார்கள். அந்த வடிகட்டும் பைக்குக் கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸின் பெயர், பானத்தின் பெயரும் அதிலிருந்து வந்தது. கறுப்புத் திராட்சைச் சாற்றில் இதே பொடியைப் போட்டு நான் செய்வதுண்டு. நல்ல பானம், ஆனால் அசல் இல்லை. விருந்தினரிடம் அதைச் சொல்லிவிட்டுத்தான் கொடுப்பேன்.

இதைச் சேர்ந்து செய்பவர்கள் இருக்கிறார்களா?

1966இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் தொடங்கிய 'சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரனிசம்' இதில் பெரியது. வாள் சண்டை, உடை, நெசவு, சமையல் என்று இடைக்காலக் கலைகளைச் செய்து பழகுகிறார்கள், பெரிய விருந்துகள் நடத்துகிறார்கள். நம் ஊரில் நாலைந்து நண்பர்கள் ஆளுக்கொரு பண்டம் செய்து கொண்டுவந்தால் போதும். கையால்தான் சாப்பிட வேண்டும் என்று சொல்லுங்கள். அவர்களும் கையும் கரண்டியும் கத்தியும் வைத்துத்தான் சாப்பிட்டார்கள்.

நம் ஊர் இடைக்காலச் சமையலைச் செய்து பார்க்க முடியாதா?

முடியும், ஆனால் வழி வேறு. கல்யாணியை ஆண்ட சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரனின் 12ஆம் நூற்றாண்டு 'மானசோல்லாச'த்தில் உணவுக்கென்று தனிப் பகுதியே இருக்கிறது, உளுந்தில் செய்த 'இட்டரிகா' அதில் வருகிறது. தமிழில் கோயில் கல்வெட்டுகள். அமுதுபடிக்கு அரிசி இத்தனை நாழி, நெய் இத்தனை ஆழாக்கு, மிளகு இவ்வளவு என்று கறாராக வெட்டி வைத்திருக்கிறார்கள். எப்படிச் சமைப்பது என்பது மட்டும் இருக்காது. ஐரோப்பிய நூல்களில் செய்முறை இருக்கிறது, அளவு இல்லை. நம் கல்லில் அளவு இருக்கிறது, செய்முறை இல்லை. கோயில் மடப்பள்ளிகளில் பரம்பரையாகச் சமைப்பவர்களிடம் உட்கார்ந்து கேட்டுத்தான் இதைத் தொடங்க வேண்டும்.

குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் கொடுக்கலாமா?

ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடாது, காய்ச்சிய தேனும்தான். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதிமதுரத்தைத் தவிர்க்க வேண்டும். பாதாம் ஒவ்வாதவர்கள் இருக்கிறார்களா என்று விருந்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள், பாதாம் பால் எதிர்பாராத பண்டத்தில் எல்லாம் இருக்கும்.

காய்ச்சல் நேரத்தில் குடிக்க ஏதாவது உண்டா?

பாரிஸ் நூலில் நோயாளிகளுக்கான பானங்கள் என்றே ஒரு பகுதி இருக்கிறது. அதில் எனக்குப் பிடித்தது இனிப்புப் பார்லித் தண்ணீர். பார்லியை அதிமதுரத்தோடு, அல்லது அத்திப்பழத்தோடு, வெடித்து மலரும்வரை வேகவைத்து, இரண்டு மூன்று துணியில் வடிகட்டி, ஒவ்வொரு கோப்பையிலும் கற்கண்டு நிறையப் போடச் சொல்கிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு நான் ஒரு கைப்பிடி பார்லியும் சுண்டுவிரல் நீள அதிமதுரமும் போடுகிறேன். அல்லது நாலு காய்ந்த அத்தி. நாற்பது நிமிடம் ஆகும். அன்றன்றைக்குக் குடித்துவிட வேண்டும், மறுநாள் புளித்துவிடும். போன மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் மூன்று பேருக்குக் காய்ச்சல் வந்தபோது ஒரு வாரம் இதைத்தான் வைத்தேன்.

வடிகட்டிய பார்லியை என்ன செய்வது?

கோழிக்குப் போடு, கொழுக்கும் என்று அந்தக் கணவர் மனைவிக்கு அதே குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். எங்களிடம் கோழி இல்லை. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிடுகிறேன், காக்கை வந்து எடுத்துக்கொள்கிறது.